காங்கயம் தாண்டி ஓர் ஆறு

மலையேறி, குகை தேடி, குருவைக் கண்டவர்கள் இருக்கிறார்கள். பொன்னுரங்கம் தன் குருவை ஒரு மாவு மில்லுக்கும் பஞ்சர் கடைக்கும் நடுவில் கண்டார். கோவையில் சந்துக்கு ஒரு பட்டறை உண்டு. அதில் ஒரு சந்தில், ஒரு பட்டறையில், இரும்புத்தூளும் மரத்தூளும் கலந்த தரையில், குரு ஸ்பானரைத் தேடிக்கொண்டிருந்தார்.

குருவின் பெயர் ஜெயமணி. சீடரைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளைய பெண். பம்பு கம்பெனி ஒன்றில் பாகங்களின் அளவைச் சரிபார்க்கும் வேலையில் இருந்து, அது சலித்துப்போய், தனியாகப் பட்டறை போட்டவர். அங்கே தன் கையால் சின்னதாக ஒரு சி.என்.சி. மெசினைக் கட்டி வைத்திருந்தார். கம்ப்யூட்டர் வழி சொல்ல, சுழலும் பிட் அந்த வழியே ஓடி மரத்தைச் செதுக்கும். ஒரு சாப்பாட்டு இலை அளவுப் பலகைக்கு மேல் அதில் ஏறாது.

சீடர், திருச்சி ரூட்டில் கண்டக்டராக இருந்து விருப்ப ஓய்வு வாங்கியவர். பை போனாலும் வாயில் 'ரைட்' மட்டும் தங்கிவிட்டது. மழை வரும் என்று ஒருவர் சொன்னால் ரைட். வராது என்று இன்னொருவர் சொன்னால் அதற்கும் ரைட். ரசம் எப்படி என்று மனைவி கேட்டால், வாயில் வைப்பதற்கு முன்பே ரைட். இப்படி ஒருவர் யாரோடும் சண்டை வராமல் ஐம்பது வயதைத் தாண்டிவிடலாம். பொன்னுரங்கம் தாண்டியிருந்தார்.

அவருக்கு ஒரே மகள், குழலி. காலம் தாழ்த்திப் பிறந்த பிள்ளை, பிறவியிலேயே பார்வை இல்லை. பார்வையற்றோர் பள்ளியில் தங்கிப் படிக்கிறாள். சின்ன வயதில் அவளைத் தூங்க வைக்க அப்பாவுக்குத் தாலாட்டு எதுவும் தெரியாததால், தன் ரூட்டையே சொல்லித் தூங்க வைத்தார். சூலூர், பல்லடம், காங்கயம், வெள்ளகோவில், கரூர், குளித்தலை, திருச்சி.

ஒரு நாள் அவள் கேட்டாள். "ஏப்பா, பஸ்ஸு எங்கியுமே திரும்பாதா?"

ஊர்களெல்லாம் நூல் பிடித்தாற்போல ஒரே கோட்டில் இருப்பதாகத்தான் அவள் நினைத்திருந்தாள். அந்தக் கேள்விதான் அவரைப் பட்டறைக்குக் கொண்டுவந்து சேர்த்தது. விரலால் தடவிப் படிக்கிற வரைபடம் ஒன்றை அவளுக்கும் அவள் வகுப்புக்கும் செய்துதர ஆசைப்பட்டார். ஜெயமணி சொல்லச் சொல்லக் கற்றுக்கொண்டு, சின்ன மெசினில் தமிழ்நாட்டை ஒன்பது துண்டாகச் செதுக்கி, ஒட்டி, ஒட்டில் பட்டி பூசித் தேய்த்தார். ஊருக்குப் புள்ளி. சாலைக்கு மேடு. ஆற்றுக்குப் பள்ளம்.

குழலியின் விரல் கோவையிலிருந்து கிளம்பியது. சூலூரில் நின்றது. பல்லடத்தில் நின்றது. காங்கயம் தாண்டியதும் தயங்கியது.

"அப்பா, இங்க ஒரு ஆறு இருக்குது. நீங்க சொல்லவே இல்லியே?"

காங்கயத்துக்கும் வெள்ளகோவிலுக்கும் நடுவே அந்தச் சாலையில் பெயர் சொல்லும்படி ஆறு எதுவும் இல்லை. அவள் விரலில் பட்டது பலகையின் ஒட்டு. கண்ணுக்குத் தெரியாத அளவுக்குத் தேய்த்த ஒட்டு விரலுக்குத் தெரிந்துவிட்டது. தானே ஓர் ஆற்றைக் கண்டுபிடித்த சந்தோஷத்தில் அவள் முகம் இருந்த இருப்பைப் பார்த்து, பொன்னுரங்கம் சொன்னார்.

"ஆமா கண்ணு. ஒரு ஆறு இருக்குது."

அடுத்த வாரம் வீட்டுக்கு வந்தவள் கோபமாக இருந்தாள். "டீச்சர் அது வெறும் ஒட்டுங்கறாங்க. நான் ஒத்துக்கல. எங்கப்பா அந்த ரூட்ல கண்டக்டரு, அவரே சொன்னாருன்னு சொல்லிட்டேன். எல்லாரும் சிரிச்சாங்க. சிரிக்கட்டும்." பிறகு குரலைத் தணித்துக்கொண்டு கேட்டாள். "பாலம் பெருசாப்பா?"

"சின்னப் பாலந்தான் கண்ணு" என்றார் பொன்னுரங்கம்.

சொன்ன பிறகுதான் உறைத்தது. ஆற்றைக் கொடுத்ததோடு நிற்காமல் பாலமும் கட்டியாயிற்று.

கோடை விடுமுறை தொடங்கியதும் அவர் பட்டறைக்கு வந்து நின்றார்.

"ஒட்டே இல்லாம வேணுமுங்க அம்மணி. ஒரே பலகையில."

"எப்பக்குள்ள?"

"பள்ளிக்கூடம் தொறக்கறதுக்குள்ளங்க."

ஏன் என்று ஜெயமணி கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. ஒட்டில்லாத வரைபடம் வந்துவிட்டால் ஆற்றுப் பேச்சு தானாக அடங்கிவிடும் என்று அவருக்கு ஒரு நப்பாசை.

"அதுக்குப் பெரிய மெசின் வேணுமுங்கண்ணா."

"கட்டிரலாங்க. எதை வச்சுக் கட்டறதுங்க?"

ஜெயமணி சின்ன மெசினைக் காட்டினார்.

அன்று முழுவதும் பொன்னுரங்கத்துக்கு அதே நினைப்பு. தன்னைவிடப் பெரிய ஒன்றைத் தானே பெற்றுப்போடுகிற வித்தை அதற்குத் தெரியுமா? சின்ன மெசினைச் சுற்றிச் சுற்றி வந்தார். குனிந்து பார்த்தார். மாலையில் கேட்டேவிட்டார்.

"இந்தச் சின்னது நேரா இருக்குதுங்களா அம்மணி?"

"கட்டின நாள்ல இருந்தே கோணலுங்க. சின்ன வேலைக்குத் தெரியாது."

"கோணல் மெசின்ல வெட்டின பாகத்தை வச்சு நேரான மெசின் எப்படிங்க வரும்?"

"மொதல்ல வெட்டுங்க" என்றார் ஜெயமணி.

பெரிய மெசினின் இரண்டு பக்கத்திலும் நிறுத்த வேண்டிய பலகைகளைத் தடித்த பிளைவுட்டில் வெட்டினார்கள். ஒன்று முடிந்ததும் அதே இடத்தில் அடுத்தது. வெட்டி முடித்ததும் ஜெயமணி சொன்னார். "சரியா இருக்குதான்னு பாருங்க."

பொன்னுரங்கம் ஒன்றன்மேல் ஒன்றை வைத்தார். நான்கு விளிம்பும் ஒட்டிக்கொண்டு நின்றன. நகத்தால் நெருடிப் பார்த்தார், நகம் மாட்டவில்லை. அவருக்குப் பெருமை பிடிபடவில்லை.

"ரைட்டுங்க அம்மணி. கோணல்னு சொன்னீங்க, ரெண்டும் அச்சா ஒண்ணா இருக்குதுங்களே."

"மேல இருக்கறதை மட்டும் திருப்பிப் போடுங்க."

"திருப்பின்னா?"

"தோசையத் திருப்பற மாதிரிங்கண்ணா."

திருப்பிப் போட்டார். அடி விளிம்பைச் சேர்த்தார். பக்க விளிம்பு சேரவில்லை. கீழே ஒட்டியிருந்தது, மேலே போகப் போக விலகி, உச்சியில் ஒரு பென்சிலே நுழையும்போல இருந்தது. பொன்னுரங்கம் பலகையை மறுபடி திருப்பினார், ஒட்டிக்கொண்டது. மறுபடி திருப்பினார், விலகியது. பிள்ளைகள் சுவிட்சைப் போட்டு அணைத்துப் பார்ப்பதுபோல இதையே கொஞ்ச நேரம் செய்துகொண்டிருந்தார்.

"எது தப்புங்க?"

"ரெண்டுந்தான்."

"முன்ன ஒண்ணா இருந்துச்சுங்களே?"

"ரெண்டும் ஒரே பக்கமாச் சாஞ்சிருந்துச்சு. அதனால ஒண்ணா இருந்துச்சு."

பொன்னுரங்கம் அந்த வார்த்தையை வீடு வரைக்கும் கொண்டுபோனார். சாப்பிடும்போது தட்டைத் திருப்பிப் பார்த்தார். ரசம் எப்படி என்று மனைவி கேட்டதற்கு வழக்கம்போல ரைட் என்றுதான் சொன்னார். குழலி பக்கத்தில் உட்கார்ந்து, புது வரைபடத்தில் ஆற்றுக்குப் பெயர் போடுவார்களா என்று கேட்டாள். அவர் இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றச் சொன்னார்.

அடுத்த நாளிலிருந்து இரும்புச் சட்டம் உருவாகத் தொடங்கியது. பட்டறையில் பாதியை அது அடைத்துக்கொண்டது. டீ குடிக்க வேண்டுமென்றால் அதைத் தாண்டித்தான் போக வேண்டும். இவ்வளவு பெரிய மெசின் வாசல் வழியாக வெளியே வருமா என்று கவலைப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: எல்லாம் போல்ட் போட்டுக் கழற்றி மாட்டுகிற மாதிரிதான், அந்த முட்டாள்தனத்தை இவர்கள் செய்யவில்லை. இவர்கள் செய்தது வேறு.

ஜெயமணி பலகைகளின் துளைகளை வேண்டுமென்றே கொஞ்சம் பெரிதாகப் போடச் சொன்னார். போல்ட்டுகளை மாட்டி, முறுக்காமல் விட்டார். தட்டினால் சட்டம் அசைந்து கொடுத்தது.

"ஆடுதுங்களே அம்மணி."

"ஆடட்டும். இப்பவே முறுக்கிட்டா பலகையோட கோணலு சட்டத்துக்கு வந்துரும்."

பிறகு நீளமான ஒரு கம்பியை எடுத்து அதன் ஒரு முனையை அவரிடம் நீட்டினார். அவர் டேப்பைத் தேடினார்.

"டேப்பு வேண்டாமுங்க. இந்த மூலையில இருந்து எதிர் மூலைக்கு ஒருக்கா இழுத்துப் புடிப்போம். அப்புறம் மத்த ரெண்டு மூலைக்கும் புடிப்போம். ரெண்டு குறுக்கும் ஒண்ணா இருந்தாப் போதும்."

"எத்தனை அடின்னு தெரிய வேண்டாமுங்களா?"

"தெரிஞ்சு என்ன பண்ணப் போறோம்?"

அளவே இல்லாமல் அளக்க முடியும் என்பதைப் பொன்னுரங்கம் அன்றுதான் அறிந்தார். அவருக்கு உற்சாகம் தாங்கவில்லை. எதிரெதிர்ச் சட்டங்களைச் சேர்த்து வைத்து அறுத்திருந்தார்கள், ஆகவே நீளத்தில் சந்தேகமில்லை. கம்பியை இழுத்தார்கள், குறித்தார்கள், மறு குறுக்கில் இழுத்தார்கள். ஒன்று நீண்டது. ஜெயமணி ஒரு மூலையை மரச்சுத்தியால் தட்டினார். மறுபடி இழுத்தார்கள். இந்த முறை மற்றது நீண்டது. தட்டல், இழுப்பு, தட்டல், இழுப்பு. வெயிலில் தகரக் கூரை கொதித்தது.

கடைசியில் எதிர் மூலையிலிருந்து ஜெயமணியின் குரல் வந்தது.

"ரெண்டும் ஒண்ணாயிருச்சுங்கண்ணா."

பொன்னுரங்கம் தன் மூலையைப் பார்த்தார். அவர் கட்டைவிரலுக்கு அடியில் கம்பி சின்னதாக மடங்கியிருந்தது. எப்போது மடங்கியது என்று தெரியவில்லை, மடங்கியிருந்தால் குறி பொய். குருவோ வியர்வையைத் துடைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார். அந்தச் சிரிப்பைப் போய்க் கெடுப்பதா?

"ரைட்டுங்க அம்மணி" என்றார்.

போல்ட்டுகளை முறுக்கினார்கள். மேலே பிட் ஓடுவதற்குத் தண்டவாளங்கள் ஏறின, மோட்டார்கள் ஏறின, ஒயர்கள் ஏறின. பள்ளி திறக்கும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. ஒரு காலையில் மெசின் முதல் முறையாக ஓடியது. பக்கத்து மாவு மில்காரர் வந்து வேடிக்கை பார்த்துவிட்டுப் போனார். சோதனைக்கு ஒரே மாதிரி இரண்டு பலகை வெட்டினார்கள். பொன்னுரங்கம் ஒன்றன்மேல் ஒன்றை வைத்தார். அச்சாக ஒன்றாக இருந்தன.

ஜெயமணி அவரைப் பார்த்தார், அவ்வளவுதான்.

பொன்னுரங்கம் மேல் பலகையைத் திருப்பினார். விளிம்பு விலகியது. பென்சில் அளவு இல்லை, ஆனால் ஒரு தீக்குச்சி நுழையும்.

ஜெயமணி ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அன்னைக்கு உங்க மூலையில கம்பி எப்படி இருந்துச்சுங்கண்ணா?"

"மடங்கி இருந்துச்சுங்க."

"பாத்தீங்களா?"

"பாத்தேனுங்க."

"சொல்லலியே?"

"நீங்க ஒண்ணுன்னுட்டீங்க. உங்களைப் போயித் தப்புன்னு எப்படிங்க அம்மணி சொல்றது? அவ்வளவு சந்தோசமா இருந்தீங்க."

குரு திட்டுவார் என்று சீடர் தலையைக் குனிந்தார். வந்தது ஸ்பானர் சத்தம். மோட்டாரைக் கழற்றினார் ஜெயமணி. தண்டவாளங்களைக் கழற்றினார். சட்டத்தின் போல்ட்டுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தினார். அத்தனை நாள் உழைப்பும் தரைக்கு வந்தது. திட்டியிருந்தால் பொன்னுரங்கத்துக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவர் கழன்ற போல்ட்டுகளைப் பொறுக்கி டப்பாவில் போட்டார்.

அடுத்த நாள் ஜெயமணி பென்சிலை அவரிடம் கொடுத்தார். "இன்னைக்கு நீங்க குறிங்க. முனையை நான் புடிக்கிறேன்."

மறுபடி இழுப்பு, மறுபடி தட்டல். ஒரு கட்டத்தில் எதிர் மூலையிலிருந்து ஜெயமணி கேட்டார்.

"இப்ப ஒண்ணுதானுங்களே?"

பென்சில் குறி ஒன்றாகத்தான் இருந்தது. வாயில் 'ரைட்' வந்துவிட்டது. பொன்னுரங்கம் அதை விழுங்கினார். சட்டத்தைச் சுற்றிக்கொண்டு நடந்து எதிர் மூலைக்குப் போனார். குனிந்தார். குருவின் விரல் மூலையிலிருந்து ஒரு நூல் தள்ளியிருந்தது.

"இல்லீங்க அம்மணி" என்றார். "தள்ளிப் புடிச்சிருக்கீங்க."

"அப்படியா?" என்று ஜெயமணி விரலை நகர்த்திக்கொண்டார். அவர் வேண்டுமென்றே தள்ளிப் பிடித்தாரா, கைதவறியா என்பது பொன்னுரங்கத்துக்குக் கடைசிவரை தெரியாது. கேட்கவும் இல்லை.

இந்த முறை வெட்டிய பலகைகள், வைத்தாலும் ஒட்டின, திருப்பினாலும் ஒட்டின. பொன்னுரங்கம் பலகையைப் பக்கவாட்டில் திருப்பினார், தலைகீழாகத் திருப்பினார், வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். குறை கண்டுபிடிக்க அவர் அவ்வளவு பாடுபட்டது வாழ்க்கையிலேயே அதுதான் முதல் தடவை. ஒன்றும் கிடைக்கவில்லை. வெள்ளந்தியாகச் சிரித்தார்.

பள்ளி திறப்பதற்கு முந்தைய நாள் வரைபடம் தயாரானது. ஆள் உயரத்துக்கு ஒரே பலகை. பொன்னுரங்கம் தூளைத் துடைத்தார். கண்ணை மூடிக்கொண்டு விரலைக் கோவையில் வைத்தார். சூலூர், பல்லடம், காங்கயம். விரல் தடையில்லாமல் வெள்ளகோவிலுக்குப் போய்ச் சேர்ந்தது.

அவர் கண்ணைத் திறக்கவில்லை.

"ஒட்டு தட்டுதுங்களாண்ணா?"

"இல்லீங்க."

"அப்புறம் ஏன் மொகம் இப்படி இருக்குது?"

பொன்னுரங்கம் சொன்னார். ஒட்டை ஆறு என்று மகள் நினைத்ததை, தான் ஆமாம் என்றதை, அவள் வகுப்பில் தன் பெயரைச் சொல்லி வாதாடியதை, பாலம் கட்டியதை. எல்லாம் சொன்னார். ஐம்பது தாண்டிய மனிதர் அழுவதற்குப் பட்டறை தோதான இடம், தூள் விழுந்தது என்று சொல்லிக்கொள்ளலாம். அவர் அப்படிச் சொல்லிக்கொள்ளவில்லை.

"நாளைக்கு அவ வெரலு இதுமேல போகுமுங்க அம்மணி. ஆறு எங்கப்பான்னு கேப்பா. அத்தனை பேரு சிரிச்சும் எனக்காக நின்னவ."

பொன்னுரங்கம் முகத்தைத் துடைத்தார். மெதுவாகக் கேட்டார். "மெசினு இன்னும் ஓடிட்டுத்தான இருக்குது. அந்த எடத்துல மட்டும், லேசா, கோடு மாதிரி ஒரு ஆறு போட்டுரலாங்களா? யாருக்குத் தெரியப் போவுது?"

"போட்டுரலாம்" என்றார் ஜெயமணி. "மெசினு நாம எங்க சொன்னாலும் வெட்டும்."

சொன்னவர் கம்ப்யூட்டர் பக்கம் நகரவில்லை. பலகை மேல் கிடந்த ஒரு மரச்சுருளை எடுத்து ஊதிவிட்டார்.

"ஏனுங்கண்ணா, ஸ்டாண்டுல பஸ்ஸு ரிவர்ஸ் எடுக்கறப்ப நீங்க எங்க இருப்பீங்க?"

பொன்னுரங்கத்துக்கு ஒன்றும் புரியவில்லை. "கீழ எறங்கிப் பின்னால போயி நிப்பேனுங்க."

"வெயிலா இருந்தா? டிரைவர் பக்கத்துலயே உக்காந்துட்டு ரைட் சொல்லலாமில்ல?"

"அதெப்படிங்க? அவருக்குப் பின்னால தெரியாது. நானும் பக்கத்துலயே உக்காந்துட்டா எனக்கும் தெரியாதுங்களே."

"செவுரு கிட்ட வந்துட்டா என்ன பண்ணுவீங்க?"

"ஹோல்டான்னு கத்துவேனுங்க. வண்டியத் தட்டுவேன்."

ஜெயமணி மெசினின் சுவிட்சை அணைத்தார். பட்டறை அமைதியானது.

"டிரைவரு மனசு நோகுமேன்னு, என்னைக்காச்சும் சொல்லாம விட்டிருக்கீங்களா?"